கணினி பழுதும் உதிரிபாகமும்: காசை வீணாக்காமல் சரிசெய்ய, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கணினியோ பிள்ளையின் கல்லூரி லேப்டாப்போ நின்றுபோனால் குடும்பத்தின் மாதக் கணக்கே ஆட்டம் காண்கிறது. இதில் பெரும்பாலான பணம் உதிரிபாகத்தின் விலையால் போவதில்லை. எது பழுது என்று தெரியுமுன் எதையாவது மாற்றுவதால்தான் போகிறது. அதனால் பழுதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சரியான பாகத்தை அடையாளம் காணும் வழியையும் இங்கே முதலில் வைத்திருக்கிறோம்.

பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் 'நோ டிஸ்ப்ளே' என்று கடைக்கு வரும் டெஸ்க்டாப்களில் நிறைய, ரேமை (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பட்டையை)க் கழற்றித் துடைத்து மாட்டினாலே எழுந்துவிடும். கடலோர ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து ரேமின் தங்கநிறப் பட்டைகள் மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிகிறது. போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன் பின்வருவதைச் செய்துபாருங்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டு உடலிலுள்ள ஸ்டாட்டிக்கைப் போக்குங்கள். ரேமின் ஓரத்துக் கிளிப்பை விலக்கினால் அது தானாக மேலெழும். பள்ளிக்கூடத்து வெள்ளை ரப்பரால் பட்டைகளை இருபுறமும் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். ரப்பர்த் துகளைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். ஸ்லாட்டில் உள்ள தூசியையும் உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். மாட்டும்போது நடுவிலுள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையையும் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். அரைகுறையாக உட்கார்ந்த ரேமும் இதே நோ டிஸ்ப்ளேதான் காட்டும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிமாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். அது சிஆர்2032, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். தேதி அடிக்கடி பின்னோக்கிப் போவதும் இந்த பேட்டரி தீர்ந்ததன் அடையாளம்தான்.

டிடிஆர்5 ரேம் உள்ள புது மெஷினில் ஒரு எச்சரிக்கை. ரேமை மாற்றிய பின் முதல்முறை ஆன் செய்யும்போது ஓரிரு நிமிடம், சில சமயம் அதற்கு மேலும், திரை கருப்பாகவே இருக்கும். போர்டு புது ரேமோடு பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

கேபிளையும் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் ஒயரைப் போர்டிலுள்ள போர்ட்டில் மாட்டினால் பெரும்பாலும் படம் வராது. இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராஃபிக்ஸே கிடையாது, கார்டு இல்லாமல் படம் வர வழியே இல்லை.

லேப்டாப்பில் இதே நோ டிஸ்ப்ளே என்றால்?

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி தனியாகக் கழலும் மாடலானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு எச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் போர்டு பெரும்பாலும் நலம், பழுது திரையிலோ அதன் ஒயரிலோ இருக்கும். இருட்டில் திரைமேல் டார்ச் அடித்து உற்றுப்பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் (திரையின் பின்விளக்கு) மட்டும் எரியவில்லை. இந்த மூன்று சோதனைக்கும் செலவு இல்லை. கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டுக் கொடுத்தாலே பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

டெஸ்க்டாப்பில் உயிரே இல்லை. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் பச்சை ஒயர் ஒன்றுதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், வளைத்த பேப்பர் கிளிப்பால் அந்தப் பச்சை ஒயரின் துளையையும் பக்கத்துக் கருப்பு ஒயரின் துளையையும் இணையுங்கள். பிறகு மின்சாரம் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் குறைந்தபட்சம் எழுகிறது. சில எஸ்எம்பிஎஸ் சுமை இல்லாமல் எழாது, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டிப்பாருங்கள்.

ஃபேன் சுற்றினாலே நல்லது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு 4.75 முதல் 5.25க்குள்ளும், ஆரஞ்சு 3.3 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும். எல்லா ஒயரும் கருப்பாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸிலும், டெல், எச்பி, லெனோவோ போன்ற கம்பெனி டெஸ்க்டாப்களின் சிறிய கனெக்டர்களிலும் நிறத்தை நம்பி இதைச் செய்யாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். உயிர் போகும் விஷயம்.

புதிது வாங்கும்போது இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவான கேபினெட்டோடு சேர்ந்து வரும் '450 வாட்' எஸ்எம்பிஎஸ் அவ்வளவு சுமையைத் தாங்குவது அரிது. அது சாகும்போது போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும். மின்சிக்கனத்துக்கான '80 பிளஸ்' முத்திரை உள்ள நம்பகமான கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்று, அடுத்த இரண்டு மெஷினுக்கும் உழைக்கும்.

லேப்டாப் ஆமை வேகத்தில் போகிறது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. புதிதே வாங்கிவிடலாமா?

முதலில் விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டிஸ்க்' என்ற பத்தியைப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே அது 100 சதவீதத்தில் நின்றால், தடை சுழலும் ஹார்டு டிஸ்க்தான். ஹார்டு டிஸ்க் ஒரே பெரிய ஃபைலைப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பி அளவுக்குத் தரும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். அதில் அது 1 எம்பிக்கே மூச்சுவாங்கும். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் சேமிக்கும் டிஸ்க். அதில் சாட்டா வகையே பெரிய ஃபைலில் 500 எம்பி தரும், குட்டி ஃபைல்களிலும் பல மடங்கு வேகம். பழைய மெஷினுக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள், ரேம் அதற்கடுத்துதான்.

டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பாக இருந்தால், அந்த டிரைவை எடுத்துவிட்டு அதே இடத்தில் 'கேடி' என்னும் சட்டத்தை வைத்துப் பழைய ஹார்டு டிஸ்க்கைப் பொருத்திக்கொள்ளலாம். கேடியில் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமன் உண்டு, டிரைவை அளந்து வாங்குங்கள். பழைய டிஸ்க்கிலுள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்ற குளோன்ஸில்லா என்ற மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் முதலில் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை (பிரித்துவைத்த பகுதியை)ச் சுருக்கியாக வேண்டும்.

எந்த எஸ்எஸ்டி பொருந்தும்? கடையில் எம்.2, என்விஎம்இ, சாட்டா என்று குழப்புகிறார்கள்.

பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்துக்கு 2.5 அங்குல சாட்டா, தடிமன் 7 மில்லிமீட்டர். இதில் குழப்பமே இல்லை.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். சூயிங் கம் பட்டைபோல் இருக்கும், 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சாட்டா, என்விஎம்இ இரண்டும் டிஸ்க் கணினியோடு பேசும் முறைகள். அந்த வடிவத்துக்குள் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் சில சமயம் உள்ளே போய் உட்காரும், ஆனால் மெஷினுக்குத் தெரியாது. பட்டையின் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. 'பெரும்பாலும்' என்பதை நம்பிக் காசு போடாமல், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிடுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூவருமே தங்கள் தளத்தில் அதை இலவசமாக வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்க்ரூ எங்கே, எதை முதலில் கழற்ற வேண்டும் என்பது படத்தோடு இருக்கும்.

நம்பமுடியாத மலிவு விலையில் 2 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் வருபவற்றைத் தொடாதீர்கள். உள்ளே சிறிய மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். நிரம்பியதும் பழைய படங்கள்மீதே புதியவை எழுதப்படும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழு அளவுக்கும் எழுதிப் படித்துப் பார்த்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடுவுக்குள் உண்மை தெரிந்துவிடும்.

ரேம் கூட்டுவது எப்படி? இப்போது விலை ஏன் இவ்வளவு?

2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் திருப்பப்பட்டதே முக்கியக் காரணம். மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயனாளர்களுக்கான தன் 'க்ரூஷியல்' வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் தேவையில்லாமல் 16 ஜிபிக்குப் போகாதீர்கள். பிரவுசரும் ஆபீஸ் வேலையும் மட்டும் என்றால் 8 ஜிபி போதும்.

வாங்குமுன் டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பகுதிக்குப் போங்கள். எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த ரேம் போர்டிலேயே ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று மாறாது, வெட்டின் இடமே வேறு. தவறு நடப்பது டிடிஆர்3க்குள்தான். சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் நான்காம் தலைமுறை இன்டெல் தொடங்கி வந்த லேப்டாப்களில் பலவும் 1.5 வோல்ட் ரேமை ஏற்காது, திரை கருப்பாகிவிடும். லேபிளில் 'பிசி3எல்' என்று, கடைசியில் 'எல்' இருக்கிறதா பாருங்கள். வேகம் கூடுதலான ரேம் வாங்கினால் தவறில்லை, மெஷின் தாங்கும் வேகத்துக்குத் தானே இறங்கிக்கொள்ளும்.

பயன்படுத்திய ரேமைத் தயங்காமல் வாங்கலாம். இறந்துபோன லேப்டாப்களிலிருந்து எடுத்த நல்ல டிடிஆர்4 துண்டுகள் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுங்கள்.

பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. மாற்றியே ஆகவேண்டுமா?

விண்டோஸே அறிக்கை தரும். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று இடைவெளியில்லாமல் அடியுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே சொல்லும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்ற இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றலாம். எண் நன்றாக இருந்தும் சார்ஜ் சீக்கிரம் இறங்கினால், பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் குடிக்கிறது. பேட்டரி மீது பழி போடாதீர்கள்.

மாற்று பேட்டரிக்கு லேப்டாப் மாடல் பெயர் மட்டும் போதாது, பழைய பேட்டரியின் முதுகிலுள்ள எண்ணைப் பாருங்கள். 10.8, 11.1 வோல்ட் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறும், 14.4, 14.8 இரண்டும் மாறும். 11.1 உள்ள இடத்தில் 14.8 போடவே கூடாது. வாட்-அவர் கூடுதலாக இருந்தால் நல்லதே. தயாரித்த தேதியையும் கேளுங்கள். லித்தியம் பேட்டரி அலமாரியில் சும்மா கிடந்தாலும் வயதாகும், மூன்று வருடப் பழைய 'புது' பேட்டரி வேண்டாம்.

டச்பேட் மேலே எழும்பினாலோ லேப்டாப் மேசையில் ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள்.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மெஷினில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல கம்பெனிகளின் மென்பொருளிலோ பயாஸிலோ (மெஷின் எழும்போது விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) இருக்கும். அதைப் போட்டு வைத்தாலே பேட்டரி வாழ்நாள் கூடும்.

கடையில் கிடைக்கும் டூப்ளிகேட் சார்ஜர் போடலாமா?

வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் ஒன்றாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 19க்கும் 19.5க்கும் பிரச்சினை வராது. 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் போட்டால் சார்ஜர் கொதிக்கும், மெஷின் மந்தமாகும். டெல் சார்ஜர் முனையின் நடுவில் ஊசிபோல் ஒரு பின் இருக்கும். அது சார்ஜர் யாருடையது என்று மெஷினுக்குச் சொல்லும் கம்பி. அந்தத் தகவல் போகாவிட்டால் மெஷின் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, பிராசசரும் வேகம் குறைந்தே ஓடும். பேட்டரி ஏறவில்லை என்று புது பேட்டரி வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. பழுது அந்த ஊசி வளைந்ததாகவோ முனையருகே ஒயர் அறுந்ததாகவோ இருக்கும்.

இந்தியாவில் விற்கும் அடாப்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். அதன்மேல் ஐஎஸ் 13252 போன்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் யார் பெயரில் பதிவு என்று வரும். அச்சுப்பிழையோடு லேபிள், கையில் எடுத்தால் காற்றுபோல் எடை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

சார்ஜர் முனையை ஆட்டினால்தான் ஏறுகிறது என்றால் லேப்டாப்பில் அந்த முனை நுழையும் துளையான டிசி ஜாக் தளர்ந்திருக்கும். நிறைய மாடல்களில் அது போர்டோடு பற்றவைக்காமல் ஒயர் முனையில் தனியாகவே வரும். சிறிய செலவு. போர்டு வரை பேச்சே வரக்கூடாது.

திரை உடைந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லும் விலை தலைசுற்றுகிறது.

லேப்டாப் யாருடையதாக இருந்தாலும் பேனலைச் செய்வது பிஓஇ, ஏயுஓ, எல்ஜி டிஸ்ப்ளே, இன்னோலக்ஸ் போன்ற சில நிறுவனங்களே. அளவுகள் பொருந்தினால் வேறு நிறுவனத்தின் பேனலும் அதே இடத்தில் வேலை செய்யும். பார்க்க வேண்டியவை: அங்குலம், பிக்சல் அளவு, கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, அது எந்தப் பக்கம் இருக்கிறது, ஸ்க்ரூ மாட்டும் காதுகள் உண்டா இல்லையா. 15.6 அங்குலத்திலேயே 360 மில்லிமீட்டர் அகலம், 350 மில்லிமீட்டர் அகலம் என இரு வகை வருகிறது. விளிம்பு ஒல்லியான மாடல்களில் பெரியது உட்காராது. உடைந்த பேனலைக் கழற்றி, முதுகிலுள்ள எண்ணைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே வழி.

வீட்டில் நீங்களே மாற்றினால் ஒன்றை மறக்காதீர்கள். திரை ஒயரைத் தொடுமுன் போர்டிலிருந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். மெஷின் அணைந்திருந்தாலும் அந்த ஒயரில் மின்சாரம் இருக்கலாம். கோணலாக மாட்டும் ஒரு நொடியில் போர்டிலுள்ள பேக்லைட் ஃபியூஸ் போய்விடும், புதுத் திரையும் இருட்டாகவே இருக்கும்.

மூடித் திறக்கும்போது கீல் பக்கம் பிளந்துகொண்டு வருகிறது.

இதைக் கண்டதும் திறந்து மூடுவதை நிறுத்துங்கள். அந்தப் பிளவுக்குள் திரையின் ஒயர் ஓடுகிறது, அது அறுந்தால் செலவு இரட்டிப்பாகும்.

நடப்பது இதுதான். பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைக் குமிழ்களில்தான் கீலின் ஸ்க்ரூக்கள் நிற்கின்றன. நாளாக ஆகக் கீல் இறுகிப்போகிறது. நீங்கள் தூக்கும் விசை கீலைத் திருப்பாமல் குமிழைப் பிடுங்குகிறது. எனவே ஒட்டுவது மட்டும் போதாது, கீலையும் தளர்த்த வேண்டும். கீல் முனையிலுள்ள நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, துளி கிரீஸ் வையுங்கள். திரை நினைத்த இடத்தில் நிற்கவேண்டும், ஆனால் ஒரு விரலால் தூக்க முடியவேண்டும்.

குமிழ் பிடுங்கிய குழியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். அரால்டைட் போன்ற இரட்டைக் குழாய்ப் பசையைச் சம அளவில் கலந்து, குமிழை வைத்துச் சுற்றிலும் நிரப்புங்கள். குமிழின் துளைக்குள் பசை போகாமலிருக்க, எண்ணெய் தடவிய ஸ்க்ரூவை அதில் திருகிவைத்திருங்கள். ஒரு முழு நாள் தொடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட மெதுவாக இறுகும் வகைக்குப் பலம் அதிகம். ஃபெவிக்விக் வேண்டாம். ஆட்டம் உள்ள இடத்தில் அது படீரென்று விட்டுவிடும், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் வெளுக்கவைக்கும். குழியே சிதைந்துபோயிருந்தால் அடிப்பாகத்தை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

லேப்டாப் மேல் காபி கொட்டிவிட்டது.

ஆன் ஆகிறதா என்று பார்க்கும் ஆசைதான் போர்டைக் கொல்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், திரையை விரித்துக் கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். அரிசி மூட்டையில் வைப்பதால் ஒரு பயனும் இல்லை, ஹேர் டிரையர் ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். சர்க்கரையும் பாலும் கலந்த திரவம் காய்ந்தால் அரிப்பு தொடங்கும். அதனால் பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதை அன்றே செய்யவேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு போர்டைக் கழுவுவது அடுத்த வேலை. தெரியாதென்றால் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதில்தான் சின்ன வேலை பெரிய வேலையாகிறது.

மதர்போர்டு மாற்றவேண்டும் என்கிறார்கள். போர்டை மாற்றாமல் அதிலுள்ள பழுதான சிறு பாகத்தை மட்டும் மாற்றும் சிப் லெவல் வேலைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உயிரே இல்லாத லேப்டாப் போர்டில் பல சமயம் ஷார்ட் ஆனது, மிளகைவிடச் சிறிய ஒரு கெப்பாசிட்டரோ, மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு மாஸ்ஃபெட்டோதான். பயாஸ் அப்டேட் பாதியில் நின்று இறந்த போர்டை, எட்டுக் கால் உள்ள பயாஸ் சிப்பில் மறுபடி எழுதியே எழுப்பலாம். டெஸ்க்டாப் போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் கண்ணுக்கே தெரியும். அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி, 'லோ ஈஎஸ்ஆர்' (உள் மின்தடை குறைந்த) வகை போட்டால் முடிந்தது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாகம் போச்சு, எந்த லைன்ல வோல்டேஜ் வரல?" உண்மையில் போர்டைப் பார்த்தவர் உடனே சொல்வார்.

கிராஃபிக்ஸ் சிப் பழுதுக்குச் சூடுகாட்டி எழுப்பும் 'ரீஃப்ளோ' வேலைக்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். சில வாரமோ சில மாதமோ ஓடி மறுபடி நிற்கும். சிப்பைக் கழற்றி அடியிலுள்ள ஈய உருண்டைகளைப் புதிதாக வைக்கும் ரீபாலிங்கும், பழுது சிப்புக்கு உள்ளே இருந்தால், உதவாது.

ஒரே ஒரு போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை. அதற்குப் போர்டு மாற்றவேண்டுமா?

வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இடியில், இணைய ஒயர் மாட்டும் லேன் போர்ட் போவது இங்கே சகஜம். யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று போதும். சவுண்ட் போனால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு, வைஃபை போனால் யுஎஸ்பி வைஃபை, கீபோர்டில் நாலு பட்டன் போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு லேன் ஒயரையும் பிடுங்குங்கள். நிறையப் பேர் இதைத்தான் மறக்கிறார்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று உறைக்கிறதா? முதலில் கணினியில் பழுது தேடாதீர்கள், பெரும்பாலும் சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லாததே காரணம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

யுபிஎஸ் நிற்கவில்லையென்றாலும் முழுசாக மாற்ற வேண்டியதில்லை. வீட்டு 600 விஏ யுபிஎஸ்களில் பொதுவாக உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. இரண்டு மூன்று வருடத்தில் அது தேய்வது இயல்பு. சிவப்பு, கருப்பு ஒயர் மாறாமல் புதிதை மாட்டினால் சரி.

ஃபேன் அலறுகிறது, மெஷின் திடீரென்று அணைகிறது.

ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது, ஃபேனைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசர்மேல் உள்ள, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, அரிசிமணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். சூட்டை இழுக்கும் தகடான ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு கிராம் குழாய் சில மெஷின்களுக்கு வரும்.

பழைய பாகங்களில் எதை நம்பி வாங்கலாம்?

பிராசசர், ரேம், கேபினெட், மானிட்டர் ஆகியவற்றை வாங்கலாம். பிராசசர் சாவது மிக அரிது. மதர்போர்டை ஓட்டிக் காட்டச் சொல்லி, சாக்கெட் ஊசிகளை டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். ஹார்டு டிஸ்க்கை அதன் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்து, கெட்ட இடங்களைக் குறிக்கும் 'ரீஅலொகேட்டட்', 'பெண்டிங்' செக்டார் பூஜ்யமாக இருந்தால் மட்டும் இரண்டாம் பிரதி வைக்க வாங்கலாம். எஸ்எம்பிஎஸ், லேப்டாப் பேட்டரி இரண்டும் வேண்டாம்.

முழு லேப்டாப்பே ரீஃபர்பிஷ்டு (சரிசெய்து மறுபடி விற்கப்படுவது) வாங்குவதானால் அலுவலகங்களிலிருந்து வரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைகள் நல்லவை, உதிரியும் தாராளம். இன்டெல்லானால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே அதிகாரபூர்வமாக ஓடாது. பணம் கொடுக்குமுன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததே, மெஷினையே மாற்றணுமா?

2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதன்பின் விண்டோஸ் 11 ஏற்காத மெஷினில் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடலாம். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதில் ஓடும். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய மெஷின்களும், எஸ்எஸ்டி ஒன்றும் 4 ஜிபி ரேமும் இருந்தால், ஒரு பள்ளிப் பிள்ளையின் படிப்புக்கு இப்படி இன்னும் உழைக்கும். கணக்கு எழுதும் டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

கடையில் கொடுக்கும்போது பாகத்தை மாற்றிவிடுவார்களோ என்ற பயம்.

ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி ஆகியவற்றின் சீரியல் எண் தெரியும்படி கடைக்காரர் முன்னாலேயே படமெடுங்கள், ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவருக்கும் இது பாதுகாப்புதான். திரை, கீல் போன்ற வேலைக்கு டிஸ்க் தேவையில்லை, கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கொடுக்கலாம். "செலவு எவ்வளவுன்னு சொல்லி, நான் சரின்னு சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்க, கழற்றின பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்க" என்ற இரண்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ரிச்சி தெருவா, ஆன்லைனா?

எண் தெரிந்த, பெட்டியில் வரும் பொருளுக்கு (எஸ்எஸ்டி, ரேம், எஸ்எம்பிஎஸ்) ஆன்லைன் விலையை வைத்துக்கொண்டு கடையில் கேளுங்கள். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பேனல், கீல், கீபோர்டு, டிசி ஜாக், பழைய போர்டு. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கலாம். நாலு கடை ஏறி விலை கேட்டபின் வாங்குங்கள்.

"பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்போலத் தெரியும். சீரியல் எண் எழுதிய பில் இல்லாவிட்டால் மூன்று, ஐந்து வருட வாரண்டியை நிரூபிப்பது கஷ்டம். கேபிளுக்கும் ஸ்க்ரூவுக்கும் பரவாயில்லை, எஸ்எஸ்டிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பில் வாங்கியே தீரவேண்டும். வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பில்லோடு புகார் கொடுங்கள்.

எந்தக் கட்டத்தில் ரிப்பேரை விட்டுவிட வேண்டும்?

அதே தரத்தில் ரீஃபர்பிஷ்டு மெஷின் விற்கும் விலையில் பாதியை ரிப்பேர் தொட்டால் யோசியுங்கள். புது மெஷின் விலையோடு ஒப்பிடுவது தவறான கணக்கு. ஒரே நேரத்தில் போர்டும் திரையும் போனால் விட்டுவிடலாம். திரையும் பேட்டரியும் மட்டும் என்றால் சரிசெய்யலாம்.

இறந்த மெஷினை என்ன செய்வது?

கிலோ கணக்கில் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ரேம், எஸ்எஸ்டி, நல்ல திரை, சார்ஜர், வைஃபை கார்டு தனித்தனியாக விலை போகும். சர்வீஸ் கடைக்காரர்கள் உதிரி எடுப்பதற்காகவும் வாங்குவார்கள். ஹார்டு டிஸ்க்கை மட்டும் கொடுக்காதீர்கள். யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் அதுவே உங்கள் பேக்கப் டிரைவ். உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள்.